மிதிவண்டித் தோல் தலைக்கவசம்

மிதிவண்டித் தோல் தலைக்கவசம் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் முதல் 1980கள் வரை ஐரோப்பிய, அமெரிக்கப் பந்தய வீரர்கள் அணிந்த தலைக்காப்பு ஆகும். இது தலை முழுவதையும் மூடும் தொப்பி அன்று. கம்பளியோ பஞ்சோ திணித்துத் தைத்த, விரல் பருமனுள்ள தோல் உருளைகளின் கூடு. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை, உச்சியின் மேல் முன்னிருந்து பின்னாகச் சில பட்டைகள், தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ள ஒரு வார், அவ்வளவுதான். பட்டைகளின் இடைவெளியில் தலைமுடி தெரியும். ஆங்கிலம் பேசுவோர் இதை 'ஹேர்நெட்', அதாவது கூந்தல் வலை என்றனர். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த உருளைகள் இறைச்சி திணித்த சாசேஜை நினைவூட்டின. அப்படியே பெயரும் வைத்தனர்.

நம் ஊரில் சுமை தூக்குவோர் தலையில் வைக்கும் சும்மாட்டை இதனுடன் ஒப்பிடலாம். சும்மாடு, உறுத்தலைத் தடுக்கும். மேலிருந்து விழும் கல்லைத் தடுக்காது. தோல் கவசமும் அப்படித்தான். வழுக்கி விழுந்து சாலையில் தேய்த்துக்கொண்டு போகும்போது தோல் உரியாமலும் காது கிழியாமலும் அது காத்தது. தலை நேராகத் தரையில் மோதினால் மூளையை அது காக்கவில்லை.

நெட்டித் தொப்பி

தோலுக்கு முன்னரே வேறொரு பொருள் பயன்பட்டது. 1870களிலும் 1880களிலும் ஓடிய 'பென்னி ஃபார்த்திங்' வண்டியில் முன்சக்கரம் ஆளின் நெஞ்சுயரம் இருக்கும். ஓட்டுநர் அதன் உச்சியில் அமர்ந்திருப்பார். சக்கரம் ஒரு கல்லில் தடுக்கினால் வண்டி முன்பக்கமாகக் கவிழும்; தலைதான் முதலில் தரையைத் தொடும். இத்தகைய விபத்துக்கென்றே ஆங்கிலத்தில் 'ஹெடர்' என்று ஒரு சொல் வழங்கியது. அந்த வண்டி ஓட்டியவர்களில் சிலர் சோலா தொப்பி அணிந்தனர். ஆங்கிலேய அதிகாரிகள் இந்தியாவில் வெயிலுக்கு அணிந்த அதே தொப்பிதான். அது தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் கோயில் கோபுரங்களைச் செதுக்கும் நெட்டித் தண்டால் ஆனது.

நெட்டி எளிதில் நொறுங்கும். ஓர் அடியில் தொப்பி பாழாகிவிடும். ஆனால் நொறுங்கும்போதே அடியின் வேகத்தையும் அது விழுங்கிக்கொள்ளும். இன்றைய தலைக்கவசம் இயங்குவதும் இதே முறையில்தான். நொறுங்கும் பொருளிலிருந்து நொறுங்காத தோலுக்கு மாறியது, இன்றிலிருந்து திரும்பிப் பார்த்தால், ஒரு பின்னடைவே. அன்று அது அப்படித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' வண்டி வந்தபின் இரு சக்கரங்களும் ஏறத்தாழச் சம அளவாகி, தலைகுப்புற விழும் அச்சம் குறைந்தது. தோல் கவசமோ காற்றோட்டமானது, பல ஆண்டுகள் உழைக்கும். பந்தய வீரருக்கு அது போதுமானதாகத் தோன்றியது.

மோதலில் நடப்பது

பள்ளிப் பாடத்தில் வரும் இயக்கச் சமன்பாடே இங்குப் போதும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 6.2 மீட்டர், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் சுழியானால், தலைக்கு ஏற்படும் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 1000 மடங்கு. அதுவே 2 சென்டிமீட்டர் தூரத்தில் சுழியானால் 100 மடங்குதான். உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ளது அந்தச் சில மில்லிமீட்டர்கள்.

தோல் உருளைக்குள் இருக்கும் கம்பளி மென்மையானது. கையால் அழுத்தினாலே தட்டையாகிவிடும். மோதலின்போது அது நொடியில் நசுங்கி முடிந்து, மீதி வேகத்தை அப்படியே மண்டையோட்டுக்குக் கொடுத்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வரும் தெர்மகோல் அப்படியன்று. கைக்குக் கெட்டியாக இருக்கும். பலத்த அடி விழுந்தால் மட்டும், அடி தீரும்வரை சீராக நசுங்கும். மீண்டும் பழைய வடிவுக்கு வராது. விழுந்த தலைக்கவசத்தைத் தூக்கி எறிந்துவிடச் சொல்வதன் காரணம் இதுவே.

மோட்டார் வண்டியிலிருந்து வந்த அறிவு

இந்த அறிவு மிதிவண்டிக்காரர்களிடம் பிறக்கவில்லை. 1935 மே மாதம் 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப்பட்ட டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னர் பிரித்தானியப் படையின் மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் எழுதினார். நசுங்கும் உள்ளுறை கொண்ட கவசத்துக்கு அமெரிக்காவில் சார்லஸ் லொம்பார்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 1953இல் காப்புரிமை பெற்றனர். 1956இல் பீட் ஸ்னெல் என்ற கார்ப் பந்தய வீரர் தலைக்காயத்தால் இறந்தார். அவர் நினைவாக மறு ஆண்டு தொடங்கிய ஸ்னெல் நினைவு அறக்கட்டளை, கவசங்களைச் சோதித்துச் சான்றளிக்கலாயிற்று.

இத்தனையும் நடந்துகொண்டிருக்க, மிதிவண்டிப் பந்தயங்களில் தோல் கவசமே தொடர்ந்தது. 1970இல் ஸ்னெல் அறக்கட்டளை மிதிவண்டிக்கென ஒரு தரவரையறை வெளியிட்டபோது, அதில் தேறக்கூடிய மிதிவண்டிக் கவசம் எதுவும் சந்தையில் இல்லை. 1975இல் 'பெல்' நிறுவனத்தின் 'பெல் பைக்கர்' வந்தது. வெளியே கெட்டி நெகிழி ஓடு, உள்ளே தெர்மகோல் உறை, எடை ஏறத்தாழ அரைக் கிலோ. தலையில் கவிழ்த்த குண்டான் போலத் தெரிந்தாலும், மிதிவண்டி ஓட்டுவோரின் மூளையைக் கருதிச் செய்த கவசம் அது. 1986இல் அமெரிக்க மிதிவண்டிக் கூட்டமைப்பு தன் பந்தயங்களில் தரச்சான்று பெற்ற கவசத்தைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டுப் பந்தயங்களில் தோல் கவசத்தின் காலம் அத்துடன் முடிந்தது.

ஐரோப்பிய வீரர்களின் மறுப்பு

ஐரோப்பாவில் கதை வேறு. பெல்ஜியத்தில் பந்தயத்துக்குத் தலைக்காப்பு கட்டாயம் என்பதால் எடி மெர்க்ஸ் போன்றோர் அங்குத் தோல் கவசம் அணிந்தனர். விதியில்லாத பிரான்சின் மலைப்பாதைகளில் பெரும்பாலோர் துணித்தொப்பியுடனோ வெறுந்தலையுடனோ ஓட்டினர். மலையேற்றத்தில் வெயில் தாங்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் வழக்கமும் வீம்பும் அதற்குக் குறையாத பங்கு வகித்தன.

1984இல் போர்த்துகலின் புகழ்பெற்ற வீரர் ஜோவாகிம் அகொஸ்தின்யோ தம் நாட்டுப் பந்தயம் ஒன்றில் குறுக்கே வந்த நாயால் கீழே விழுந்தார். தலையில் கவசம் இல்லை. எழுந்து எல்லைக்கோட்டைக் கடந்தார்; பத்து நாள்களில் இறந்தார். அதன் பிறகும் விதி மாறவில்லை. 1991இல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் கடினக் கவசத்தைக் கட்டாயமாக்கியபோது, பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்கள் போராட்டம் நடத்தினர். ஒன்றியம் பின்வாங்கியது.

1995 ஜூலை 18 அன்று டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், பிரெனே மலைத்தொடரின் போர்த்தே தஸ்பே கணவாயிலிருந்து இறங்கும்போது இத்தாலிய வீரர் ஃபாபியோ கசார்த்தெல்லி விழுந்து, சாலையோரக் கான்கிரீட் கட்டையில் மோதி இறந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், வயது 24. கவசம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதில் மருத்துவர்களே உடன்படவில்லை. மறுநாள் வீரர்கள் போட்டியிடாமல் அமைதியாக ஓட்டி அஞ்சலி செலுத்தினர். விதி அப்போதும் வரவில்லை.

2003 மார்ச் 11 அன்று, அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில், கசக்ஸ்தானின் ஆந்திரே கிவிலெவ் வேறிரு வீரர்களுடன் மோதி விழுந்து மறுநாள் இறந்தார். அவரும் கவசம் அணிந்திருக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் கவசம் கட்டாயமாயிற்று. பந்தயம் மலை உச்சியில் முடிந்தால், கடைசி ஏற்றத்தில் மட்டும் கழற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை முதலில் இருந்தது. பின்னர் அதுவும் நீங்கியது. போராடித் தடுத்த விதி அதே பந்தயத்தில் ஓர் உயிர் போன பின்பே நிலைத்தது. இடையில் போனவை 12 ஆண்டுகள்.

எடை குறைந்த கதை

1991க்கும் 2003க்கும் இடையில் எதிர்ப்பு தணிந்ததற்குக் கவசமே மாறியதும் ஒரு காரணம். 1980களின் நடுவில் ஜிம் ஜென்டிஸ் தொடங்கிய 'ஜீரோ' நிறுவனம் கெட்டி ஓட்டை நீக்கிவிட்டு, தெர்மகோலின் மேல் மெல்லிய துணியை மட்டும் போர்த்தி, எடையைப் பாதியளவு குறைத்தது. ஆனால் துணி தார்ச்சாலையில் பற்றிக்கொண்டு கழுத்தை வெட்டியிழுக்கும் ஆபத்து இருந்தது. எனவே வழுக்கிச் செல்ல உதவும் மெல்லிய நெகிழி ஓடு மீண்டும் சேர்க்கப்பட்டது. பெரிய காற்றுத் துளைகளும் வந்தன. வெயில் என்ற காரணம் அதன்பின் வலுவிழந்தது.

சாய்வாக மோதும்போது தலை திடீரெனச் சுழல்வதால் மூளைக்கு ஏற்படும் காயத்தை இந்தக் கவசங்கள் தனியாகக் கவனிக்கவில்லை. ஸ்வீடனின் மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட்டும் ஆய்வாளர் பீட்டர் ஹால்டினும் 1990களில் இதை ஆராயத் தொடங்கினர். கவசத்துக்குள் சற்றே நழுவும் அடுக்கு ஒன்றை அமைத்தனர். 'மிப்ஸ்' என்ற பெயரில் அது இன்று பல நிறுவனங்களின் கவசங்களில் உள்ளது.

தோல் கவசங்கள் இப்போது சேகரிப்பாளர்களிடமும், பழைய வண்டிகளை ஓட்டுவோர் கூடும் விழாக்களிலும் காணக் கிடைக்கின்றன. இத்தாலியின் 'பிராங்காலே' முத்திரையுள்ள பழைய கவசங்களைத் தேடி வாங்குவோர் உண்டு. 1990 முதல் மிதிவண்டிக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அதை அணிந்து சாலையில் சென்றால், சட்டப்படி கவசம் அணியாதவராகவே கருதப்படுவார்.