இணைப்பாட்டங்களின் மறுவாழ்வு

பல்லாங்குழிக்கு எதிரே ஒருவர் இருத்தல் வேண்டும். கீழ்வேளூர்த் திண்ணைகளில் கண்ட இவ்வுண்மை மின்பொறி ஆட்டங்கட்கும் பொருந்துவதாம்.

1989-இல் ஜப்பானில் வெளிவந்த கேம் பாய் என்னும் கைப்பொறி, இன்னொரு பொறியோடு வடத்தால் இணையும் அமைப்புடையது. ஒரு பொறி தாளமிட மற்றது பின்பற்றும். நொடிக்கு 8192 துடிப்பு என்னும் அளவில் எட்டுப் பிட் செய்தி ஒரே காலத்தில் இருபுறமும் மாறும். 1996-இல் வந்த போக்கிமான் ஆட்டத்தில் உயிர்கள் சில, தோழனிடம் மாற்றிப் பெற்றாலன்றிக் கிட்டா.

பழம்பொறியின் செயலைப் புதுக்கணினியில் மென்பொருளால் நிகழ்த்துவது எமுலேட்டர். ஏடு சிதையுமுன் படியெடுக்கும் பணியை இஃது ஒக்கும். ஆயின் படியில் பாடம் வந்தது, வடம் வரவில்லை. இணையவழிச் செய்தியின் காலத்தாழ்வைப் பழைய ஆட்டங்கள் பல பொறா. எனவே, இருவர் கணினியிலும் ஆட்டம் முழுவதையும் ஒத்தியக்கிப் பொத்தான் அழுத்தங்களை மட்டும் அனுப்பும் வழி கண்டனர். பழைய சண்டை ஆட்டங்களின் பொருட்டு 2006-இல் டோனி கேனன் ஆக்கிய முறையோ, எதிராளியின் அழுத்தத்தை ஊகித்து ஆட்டத்தை நடத்தும். ஊகம் பிழைப்பின் பின்சென்று திருத்தும்.

ஆட்டத்தைக் காத்தலாவது ஆடுவார் இருவரையும் மீளக் கூட்டுதலே என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும். பல்லாங்குழிப் பலகையைக் காட்சிக்கூடத்தில் வைத்து, அதன் எதிரே அமர்வாரை இழந்துவரும் நமக்கு இது நோக்கற்பாலது.