புல்லட்டின் மூச்சும் ஆயில் கசிவும்

திருவொற்றியூரில் புல்லட் 350 பூட்டப்படத் தொடங்கியபோது, அதன் பாகங்கள் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து கப்பலேறி வந்தன. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் இந்த வண்டியை வாங்கியிருந்தது. அந்தத் தேவையை ஒட்டித்தான் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பாகங்களும் இங்கேயே உருவாயின. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பிறகும், புல்லட்டின் வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின் சென்னையில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஆயில் கசிவும் அதனுடன் தொடர்ந்தது.

அதற்கு முந்தைய தலைமுறை வண்டிகளில் ஆயில் சிந்துவது குறையாகவே எண்ணப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓட்டுபவரே கைப்பம்பை அழுத்தி எஞ்சினுக்கு ஆயில் கொடுப்பார். வேலை முடிந்த ஆயில் எரிந்தோ சாலையில் சொட்டியோ தீர்ந்துவிடும், திரும்பி வராது. புல்லட்டில் அது சுற்றி வருகிறது. கிராங்க் கேஸின் உள்ளேயே ஆயிலுக்குத் தனி அறை உண்டு. ஒரு பம்பு அதைத் தள்ளுகிறது, இன்னொன்று திரும்ப இழுக்கிறது. ராக்கருக்கு ஆயில் ஏறுவது வெளிக்குழாயில்.

ஆயிலை வெளியே தள்ளும் விசை காற்று. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட சிலிண்டரில் பிஸ்டன் இறங்கும்போதெல்லாம், அதன் அடியில் இருக்கும் இடம் 346 சி.சி. அளவு சுருங்குகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 முறை. அந்தக் காற்றை வெளியே விட்டு, மீண்டும் உள்ளே வராமல் தடுப்பது பிரீதர் வால்வின் வேலை. அதன் ரப்பர் விறைத்துப்போனாலோ குழாய் அடைத்தாலோ, அழுத்தம் வேறு வழி தேடும். எந்த இணைப்பு பலவீனமோ, அங்கே ஆயில் பிதுங்கும்.

அதனால்தான் பிரித்துப் பூட்டிய எஞ்சினில் பேக்கிங்கை மாற்றுவதற்கு முன் பிரீதரைப் பார்க்க வேண்டும். ஆயில் அளவையும் பார்க்க வேண்டும். அதிகமாக ஊற்றினால் உபரி பிரீதர் வழியே வந்துவிடும். புது ரிங் போரில் சரியாக உட்காராவிட்டால், எரிந்த வாயு கீழே இறங்கி அழுத்தத்தைக் கூட்டும். இந்த மூன்றையும் விட்டுவிட்டு மூடியை மாற்றி மாற்றிப் பூட்டுவது வீண் வேலை.

இவை சரியாக இருந்தும் கசிந்தால், இடத்தைத் தேட வேண்டும். எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, முகப்பவுடரைத் தூவி, சிறிது நேரம் ஓட விட்டால் முதலில் நனையும் கோடு தெரியும். சொட்டும் இடத்தை நம்பக் கூடாது. ஆயில் கீழே வழியும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஈரத்தின் மேல் முனையும் முன் முனையுமே மூலத்தைக் காட்டும். ராக்கர் மூடியில் தொடங்கியது கிராங்க் கேஸ் இணைப்பில் கசிவதுபோல் தோன்றுவது இப்படித்தான்.

மூலம் தெரிந்தால் காரணமும் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதில் விழுந்த வடு, இறுக்கி இறுக்கி வளைந்த மூடி, சுரண்டாமல் விட்ட பழைய பேக்கிங், மறுமுறையும் போட்ட செப்பு வாஷர். வளைந்த மூடியைத் தட்டையான கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்தால் முகம் சமமாகும். பேக்கிங் பசையை அள்ளிப் பூசுவதுதான் ஆபத்து: உள்ளே பிதுங்கும் துண்டு ஆயில் வழியை அடைத்தால், கசிவைவிடப் பெரிய செலவு வரும்.

2000களின் இறுதியில் வந்த புதிய எஞ்சினில் கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே கூட்டுக்குள் சேர்ந்தன. வார்ப்பிரும்பு எஞ்சினில் அவை தனித்தனி என்பதால், ஒவ்வொரு கசிவையும் தனியாகப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. பின் சங்கிலிப் பற்சக்கரத்தின் அருகே ஈரம் இருந்தால், அது கியர்பாக்ஸ் சீலிலிருந்து வந்ததா, சங்கிலிக்கு எண்ணெயிடும் பிரீதர் குழாயிலிருந்து வந்ததா என்பதை முதலில் தீர்மானிப்பார் அனுபவமுள்ள மெக்கானிக்.