துப்பறியும் கதாசிரியர் இளையோரிடம் வந்தபோது

துப்பறியும் கதையை நாம் பொழுதுபோக்கு என்கிறோம். மாயமந்திரக் கதையைச் சிறுவர்க்கென்று ஒதுக்கிவிடுகிறோம். முன்னது அறிவை நம்புவது, பின்னது அதிசயத்தை நம்புவது. எனவே இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பதே பொதுவான எண்ணம். இங்கிலாந்தின் துப்பறியும் கதாசிரியர்கள் 1930-ஆம் ஆண்டில் தமக்கெனக் கழகம் ஒன்றை நிறுவினர். பிரௌன் என்னும் குருவானவரைத் துப்பறிபவராகப் படைத்த கத்தோலிக்க எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் அதன் முதல் தலைவரானார். தெய்வ வெளிப்பாட்டைக் கொண்டோ, மந்திரத்தைக் கொண்டோ, தற்செயலைக் கொண்டோ மர்மத்தை அவிழ்ப்பதில்லை என்றும், முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைப்பதில்லை என்றும் உறுப்பினர்கள் அங்கே உறுதிமொழி எடுத்தனர்.

மந்திரத்தை இவ்வாறு வாசலிலேயே நிறுத்திவிட்ட இலக்கிய வகையில் தேர்ந்த ஒருவர், இளையோருக்காக மந்திரக் கதை எழுதப் புகுந்தால் என்ன நிகழும்? இக்கேள்விக்கு நல்ல விடையாக அமைவது பீட்டர் டிக்கின்சனின் எழுத்து வாழ்க்கை.

இன்றைய ஸாம்பியா நாட்டின் லிவிங்ஸ்டன் நகரில் 1927-இல் பிறந்த டிக்கின்சன், சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு வந்தார். ‘பஞ்ச்’ இதழின் ஆசிரியர் குழுவில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றிய அவர், அவ்விதழுக்காகத் துப்பறியும் நாவல்களை மதிப்புரை செய்தும் வந்தார். பின்னர்த் தாமே அத்தகைய நாவல் ஒன்றைத் தொடங்கி, பாதியில் மேற்செல்ல இயலாது தவித்தார். அந்நாளில் கண்ட கொடுங்கனவு ஒன்று அவருக்கு ஒரு சிறுவர் கதையைத் தந்தது. அதனை எழுதி முடித்த பின்னரே நின்றுபோன நாவலும் நகர்ந்தது. 1968-இல் இரண்டும் வெளிவந்தன. துப்பறியும் நாவல் அவ்வாண்டின் தங்கக் குத்துவாள் விருதைப் பெற்றது. 1969-இல் அடுத்த நாவலும் அதே விருதைப் பெற்றது. சிறுவர் கதையின் பெயர் ‘தி வெதர்மாங்கர்’.

அக்கதையில் இங்கிலாந்து மக்கள் திடீரென இயந்திரங்களை வெறுக்கத் தொடங்குகின்றனர். இயந்திரத்தைத் தொடுபவர் சூனியக்காரராகக் கருதப்பட்டுக் கொல்லப்படுகின்றனர். மரணத்தினின்று தப்பிய ஓர் அண்ணனும் தங்கையும் இம்மாற்றத்தின் காரணத்தைத் தேடிப் புறப்படுகின்றனர். மாயக் கதைதான்; ஆயினும் நடப்பது துப்பறிதலே அன்றோ? தேடலின் முடிவில் பழங்கதைகளின் மந்திரவாதி மெர்லின் காணப்படுகிறார். ஆனால் அவர் குற்றவாளியல்லர். அவரைத் துயிலெழுப்பிய ஒரு மனிதன், தன் விருப்பப்படி அவரை ஆட்டிவைக்க எண்ணி, மார்ஃபின் என்னும் போதைப்பொருளுக்கு அடிமையாக்கி வைத்திருக்கிறான். அதிசயத்தின் வேரில் ஒரு மனிதனின் பேராசை கிடக்கிறது. மந்திரம் வந்தும் காரணகாரியம் போய்விடவில்லை என்பதை நாம் இங்கே காண்கிறோம்.

இதே கதையுலகில் அவர் மேலும் இரு நூல்களை எழுதினார். 1969-இல் வந்த ‘ஹார்ட்ஸீஸ்’ நூலில், சூனியக்காரன் என்று ஊரார் கல்லெறிந்த அந்நியன் ஒருவனைச் சிறுவர்கள் மறைத்துக் காக்கின்றனர். 1970-இல் வந்த ‘தி டெவில்ஸ் சில்ட்ரன்’ இன்னும் ஆழமானது. பெற்றோரைப் பிரிந்த நிக்கோலா என்னும் சிறுமி, இயந்திர வெறுப்பு தீண்டாத சீக்கியக் குடும்பங்களோடு சேர்கிறாள். ஊரார் அவர்களைச் சாத்தானின் மக்கள் என்றே அஞ்சுகின்றனர். எனினும் அவர்கள் செய்து தரும் இரும்புக் கருவிகள் மட்டும் ஊராருக்குத் தேவைப்படுகின்றன. குடியேறியவர்களுக்கு எதிராக ஈனக் பவல் 1968-இல் ஆற்றிய உரை அந்நாட்டையே கொந்தளிக்கச் செய்து ஈராண்டு கழிந்த வேளை அது. அந்நியர்மீது எழும் அச்சம் எங்கிருந்து வருகிறது என்று, மேடைப்பேச்சு எதுவுமின்றி, இளையோரையே தடயம் தேடச் செய்கிறது இந்நூல்.

பிற்காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. 1900-ஆம் ஆண்டில் சீனாவில் நடந்த கிளர்ச்சியில் மறைபரப்புப் பணியாளரான தந்தையை இழந்து, திபெத்தின் மலைகளுக்குள் செல்லும் சிறுவனின் கதை ‘துல்கு’. தந்தையின் விசுவாசம் தன்னுடையதுதானா என்ற கேள்வியை அவன் தானே சுமக்க வேண்டியிருக்கிறது. ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ நூலிலோ பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள், எழுத்தில் பதிவாகும் முன் வாய்மொழியாகப் பல்வேறு மனிதர் எடுத்துரைப்பனபோல் அமைந்துள்ளன. நன்கு தெரிந்த நிகழ்ச்சியையும் சாட்சி சொல்பவரின் வாயிலாக அறியச் செய்வது துப்பறியும் கதையின் பழக்கம். இவ்விரு நூல்களுக்கும் 1979, 1980 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் நூலகர்கள் வழங்கும் கார்னகி பதக்கம் கிடைத்தது. அவ்வாறு தொடர்ந்து பெற்ற முதல்வர் அவரே.

சிறுவருக்கு எழுதுவது ஒரு படி கீழிறங்குவது என்று நினைப்போர் இன்றும் உளர். டிக்கின்சன் இறங்கவில்லை. பெரியவர்களுக்கு அவர் காட்டிய நேர்மையைச் சிறுவருக்கும் காட்டினார். தடயங்களை மறைக்கவில்லை, விடையைத் திணிக்கவுமில்லை. அதிசயத்தை மட்டும் ஊட்டி வளர்த்த பிள்ளை எதையும் நம்பிவிடும். அதிசயமே காட்டாது வளர்த்த பிள்ளையோ எதையும் நம்ப இயலாது போகும். வியக்கவும் வினவவும் ஒருசேரக் கற்றுத்தரும் நூல்களை நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோமா? ஊர் கல்லெடுக்கும் நாளில், கல்லடி படுபவன் யார், ஏன் என்று கேட்கும் துணிவு அத்தகைய வாசிப்பிலிருந்தும் பிறக்கக்கூடும்.