விண்டோஸ் 10 அப்டேட் நின்னு போச்சு... பழைய கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாத்தலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது மைக்ரோசாஃப்ட். பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு ஓராண்டு கூடுதல் அவகாசம் அறிவிக்கப்பட்டது.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறிடலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். நல்லா ஓடிக்கிட்டிருக்கிற லேப்டாப்பே இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆன் செய்தால் வேலை செய்யும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. பேங்க் கணக்கைத் திறக்கிற கம்ப்யூட்டரில் இது சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் லினக்ஸ் வருகிறது.

லினக்ஸ் புதுசா?

இல்லை. 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உங்க கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் அடிப்படையே லினக்ஸ்தான். உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் இதில்தான் ஓடுகின்றன.

உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இதன் வெவ்வேறு வடிவங்கள். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஒரே பென்டிரைவில் இருந்து பத்து கம்ப்யூட்டரில் போட்டாலும் அது திருட்டு காப்பி ஆகாது. மின்ட்டுக்கு குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் போதும். 4 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வெளியானது. தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு இதுவும் சேர்ந்தே வந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த மாணவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை! கேரளாவில் அப்படி இல்லை, பள்ளிக் கணினிப் பாடமே லினக்ஸில்தான். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் இதனால் ரூ.3,000 கோடி மிச்சம் என 2019-ல் கணக்கு சொன்னது அம்மாநில அரசின் 'கைட்' நிறுவனம்.

ஆபீஸுக்கு ஒத்து வருமா?

வேலையைப் பொறுத்தது. பிரவுசர், மெயில், கடிதம், சாதாரண கணக்கு ஷீட் மட்டும் போதும் என்றால் சிக்கல் இல்லை. வேர்டு, எக்ஸல் ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் திறக்கும். ஆனால், மேக்ரோ போட்ட எக்ஸல் ஷீட் தகராறு செய்யலாம். டேலி, கோரல்டிரா, போட்டோஷாப் ஆகியவை நேரடியாக ஓடாது. கணக்கு முழுக்க டேலியில் இருக்கும் கடைக்காரர் அந்த ஒரு சிஸ்டத்தை விண்டோஸிலேயே விடுவதுதான் புத்திசாலித்தனம். ஜிஎஸ்டி, டெண்டர் வேலைக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள், அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் விற்றவரிடமே கேட்டுவிட வேண்டும்.

தமிழ் டைப்பிங்? தமிழ்99, ஃபொனெடிக் இரண்டும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்த ஃபான்ட்டை இதிலும் இன்ஸ்டால் செய்யலாம்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது ஆபத்து. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-ல் முடிவெடுத்து, சுமார் 15,000 கம்ப்யூட்டர்களைப் பல ஆண்டுகள் எடுத்து மாற்றியது. அப்படியும் 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. ஊழியர்களின் புகார், மற்ற அலுவலகங்களின் ஃபைல்களோடு ஒத்துப்போகாதது, அரசியல் என காரணங்கள் பல பேசப்பட்டன.

எப்படி ஆரம்பிப்பது?

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் மின்ட் அல்லது உபுண்டுவை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், பிரிண்டர் மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்க. எல்லாம் ஓகே என்றால், ஆபீஸில் ஒரே ஒரு சிஸ்டத்தில் போட்டு ஒரு மாதம் பாருங்க.

இன்ஸ்டால் செய்யும் முன் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுப்பது கட்டாயம். விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளப் போகிறவர்கள், பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி கீயை முன்னாடியே எழுதி வைத்துக்கொள்ளணும். விண்டோஸ் அடுத்த முறை திறக்கும்போது அதைக் கேட்க வாய்ப்பு அதிகம்.