ஆறிய புண்ணும் ஆறாத வலியும்

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது வலிப்பவனுக்குச் சொன்ன ஆறுதல் அல்ல; பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்குச் சொன்ன எச்சரிக்கை. ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே சாட்சி சொல்லும். தையல் பிரித்து, புண் ஆறி, தழும்பும் மங்கிய பிறகு நரம்பிலே தங்கிவிடுகிற வலிக்கோ, பெரும்பாலும் வலிப்பவன் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த ஒற்றைச் சாட்சியை நம்ப வைத்தியர்களுக்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன.

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சில் அம்புருவாஸ் பாரே என்று ஒருவர் இருந்தார். நாவிதர்களோடு சேர்ந்து ரண சிகிச்சை பழகி, யுத்தகளங்களில் தேர்ந்து, கடைசியில் நான்கு மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். கால் போய் வெகு நாளானவர்கள்கூட, இல்லாத காலில் வலிக்கிறது என்று முறையிடுவதை அவர் எழுதி வைத்தார். ஒன்பதாம் சார்லஸ் மன்னருக்குக் கையில் ரத்தம் எடுத்தபோது கத்தி நுனி நரம்பில் பட்டுவிட்டது. கீறல் சிறிதுதான், மன்னர் மாதக்கணக்கில் கையை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் தவித்தார். இந்த வலி நிஜம்தானா என்று அரண்மனையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வலித்தது ராஜாவுக்கல்லவா!

அடுத்த நூற்றாண்டில் தத்துவ ஞானி தெகார்த் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டார். அவருடைய கணக்கில் நரம்பு என்பது மணிக் கயிறு. கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கிறது. நெருப்பருகே காலை வைத்திருக்கும் ஒரு பையனின் படம், அவர் காலமான பிறகு 1660களில் வெளியான நூலில் இருக்கிறது. ஆனால் 1641-லேயே அவர் ஒரு நுட்பமான உண்மையைச் சொல்லிவிட்டார். கயிற்றை நடுவில் எங்கே பிடித்து இழுத்தாலும் மணி அடிக்கும்; அப்போதும் மனம் காலில்தான் வலிக்கிறது என்று எண்ணும். பாதத்தில் ஒரு குறையும் இல்லாமலே பாதம் வலிக்கலாம்!

ஞானி சொன்னதை ஆஸ்பத்திரியில் கண்டவர் அமெரிக்காவின் ஸைலஸ் வீர் மிட்செல். அங்கே உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம். பிலடெல்பியா நகரின் டர்னர்ஸ் லேன் ஆஸ்பத்திரியில், குண்டடியால் நரம்பு கெட்ட சிப்பாய்களை அவரும் மோர்ஹவுஸ், கீன் என்ற இரு சகாக்களும் கவனித்தார்கள். 1864-ல் மூவரும் சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். காயம் ஆறியவனுக்கு, கையோ காலோ தணல் பட்டதுபோல் எரிகிறது. பத்திரிகைத் தாள் சரசரத்தாலும், பக்கத்தில் யாராவது நடந்தாலும் துடிக்கிறான். தண்ணீர்ப் புட்டியும் பஞ்சுமாகத் திரிந்து எரியும் இடத்தை நனைத்துக்கொண்டே இருப்பவர்களும், பூட்ஸுக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. வெப்பத்தையும் வலியையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி, இந்த நோய்க்குக் காஸால்ஜியா என்று மிட்செல் பெயர் வைத்தார்.

இதில் ரசமான சங்கதி ஒன்று. சண்டைக்குத் திரும்பப் பயந்து வலி என்று நடிப்பவர்களும் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நடிப்பைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பற்றி இதே மூவர் அதே 1864-ல் ஒரு கட்டுரையும் எழுதினார்கள். ஈதர் கொடுத்து மயங்கவைத்துச் சோதிப்பது அவற்றுள் ஒன்று. ஆகவே இவர்கள் நம்பியது இளகிய மனத்தால் அல்ல. கள்ளனைப் பிடிக்கத் தெரிந்தவர்கள், இவன் கள்ளன் அல்ல என்று கொடுத்த தீர்ப்பு அது.

மிட்செல் கதையும் எழுதுவார். 1866-ல் அட்லாண்டிக் மன்த்லி பத்திரிகையில், கைகால் நான்கையும் இழந்த ஜார்ஜ் டெட்லோ என்பவனின் கதை பெயர் போடாமல் வந்தது. வாசகர்கள் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டு அவனுக்காகப் பணம் திரட்டினார்கள். நேரில் பார்க்கவும் தேடிப்போனார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நிஜ சிப்பாய்களுக்குக் கிடைக்காத இரக்கம் கற்பனைச் சிப்பாய்க்குக் கிடைத்தது. கதை எழுதுகிறவன் இதற்குச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா?

அதே பிலடெல்பியாவில் 1876-ல் தாமஸ் மார்ட்டன் என்ற டாக்டர் முன்பாதத்தில் வரும் ஒரு வலியை வர்ணித்தார். கால்விரல்களுக்கிடையே ஓடும் நரம்பு தடித்துவிடுகிற அந்த உபாதை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மற்ற சிகிச்சைகள் பலிக்காதபோது அந்த நரம்பைத் துண்டித்து எடுப்பதுண்டு. பலருக்கு அதோடு தொல்லை தீரும். சிலருக்கு, வெட்டுண்ட நுனி மறுபடி வளரப் பார்த்து, போக வழியில்லாமல் சுருண்டு முடிச்சாகிவிடுகிறது. நான் அந்தச் சிலரில் ஒருவன். புண் மூன்று வாரத்தில் ஆறிற்று. வருஷம் ஒன்றாகியும் எரிச்சல் ஆறவில்லை. போர்வை நுனி பட்டால் சுரீர் என்கிறது. "அதுதான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன?" என்று கேட்காத உறவினர் இல்லை. பூட்ஸில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட அந்தச் சிப்பாயைப் பற்றிப் படித்த அன்று, ஊரில் ஒரு சொந்தக்காரன் கிடைத்தாற்போல இருந்தது.

மாத்திரை பாதி வேலை செய்கிறது. மீதிக்கு, அகலமான செருப்பும், தினமும் சற்றே கூட்டி நடப்பதும், கணுக்காலுக்கு மேலே தேய்த்துவிடுவதும் துணை. எழுத உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் வலி தூரத்தில் போய் நிற்கும். தேய்ப்பதும் மறப்பதும் வெறும் மனப்பிராந்தி அல்ல. 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இருவர் தெகார்த்தின் மணிக் கயிற்றைத் திருத்தினார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பதுபோல. தொடு உணர்ச்சி அதைச் சற்றுச் சாத்தும், மூளையும் மேலிருந்து சாத்தும் என்றார்கள். அந்தக் கருத்தில் பின்னால் பல திருத்தங்கள் வந்தன. ஆனாலும் வலி ஒருவழிப் பாதையல்ல என்பது நிலைத்துவிட்டது.

வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 1979-ல் வலிக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. 2020-ல் அதைத் திருத்தியபோது கூடவே ஒரு குறிப்பையும் சேர்த்தது: ஒருவர் தமக்கு வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும். பாரேயிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய நானூற்றைம்பது வருஷம். ராஜாவுக்குக் கேட்காமலே கிடைத்த மரியாதை மற்றவர்களுக்கும் ஏட்டளவில் வந்துவிட்டது. வீட்டுக் கூடத்துக்கு அது வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஆஸ்பத்திரியோ ஆராய்ச்சியோ வேண்டாம். நொண்டி வருகிறவரைப் பார்த்து, "இன்னுமா?" என்று கேட்காமல், "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் போதும்.