துத்தநாகம் தலைக்கு ஏறும் வழி

திருக்கடையூர் கோயில் வாசல் கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வருகிறவர்கள் விடியுமுன் தலைக்குக் குளித்தாக வேண்டுமே! சீயக்காய், செம்பருத்தி, கரிசலாங்கண்ணி வரிசையில் இப்போது தாதுச்சத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதில் ஒன்று துத்தநாகம். ஆனால் இந்த ஊர்த் தலைமுடிக்கு அது வந்துசேர்வது பாக்கெட்டில் அல்ல, உர மூட்டையில்.

அதற்கு நம் நாட்டில் பிறந்த வீடு ராஜஸ்தான். 907 டிகிரியில் ஆவியாகிப் பறந்துவிடும் இந்த உலோகத்தை, உதய்பூர் அருகே ஜாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மண்குடுவைகளைக் கவிழ்த்துவைத்துக் கீழே இறக்கிக் குளிரவைத்துப் பிடித்தார்கள். கெட்டிக்காரர்கள்.

காவிரி டெல்டாவுக்கு அது சிங்க் சல்பேட்டாக, வெள்ளை உப்பாக வருகிறது. தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில், மண்ணில் இருக்கிற துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் முடங்கிவிடும். நட்ட சில வாரங்களில் இலையில் துருப்பிடித்தாற்போல் பழுப்பு படரும்; பயிர் குட்டையாக நிற்கும். அதற்குத்தான் ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுகிறார்கள். டி.ஏ.பி. உரத்தோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், காசு வீண்.

நெல்லுக்குள் ஏறியதில் ஒரு பங்கு ரைஸ் மில்லில் தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடுகிறது. 100 கிராம் தீட்டிய அரிசியில் மிஞ்சுவது ஏறக்குறைய 1.2 மில்லிகிராம். ஆணுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் தந்த பரிந்துரை. சோற்றை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது. பருப்பும் சுண்டலும் கொஞ்சம் ஈடுகட்டும். தரங்கம்பாடி நண்டு நன்றாகவே ஈடுகட்டும். கல்யாணப் பந்தியில்தான் கேட்க முடியாது. துத்தநாகம் கூடுதலாக உள்ள ‘டி.ஆர்.ஆர். தான் 45’ என்ற நெல் ரகமும் 2016இல் வந்துவிட்டது.

குடலிலிருந்து ரத்தத்தில் ஏறி மயிர்க்காலுக்குப் போனால்தான் துத்தநாகத்துக்கு அங்கே வேலை. அங்கே செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. அதற்கான நொதிகளுக்கு இது வேண்டும். உடம்பில் குறை விழுந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் முடி கொத்தாக வரும். தலைக்கு மேலே நீண்டிருக்கிற முடியோ உயிரற்ற கெரட்டின். அதற்கு எந்தத் தாதுவை ஊட்டி என்ன பயன்?

சீயக்காயைக் குறை சொல்லவில்லை. வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும். சீயக்காயின் சப்போனின் நுரைக்கும். அதன் வேலை அழுக்கெடுப்பதோடு சரி. பொடுகு ஷாம்புகளில் போடும் சிங்க் பைரிதியோன் தலைத்தோலில் வளரும் மலசீசியா பூஞ்சையை அடக்குகிறது. மயிர்க்காலுக்குச் சோறு போடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் அழகுப் பொருள்களில் அதற்குத் தடை போட்டது.

முடி கொட்டுகிறதென்று தாமாகவே துத்தநாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் உண்டு. அளவு மீறினால் அது தாமிரத்தைக் குடலிலேயே மறித்துவிடும்; பிறகு ரத்தசோகைக்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.