ஓசை ஒன்று, பொருள் வேறு

கொல்லிமலையில் வழிவழியாகப் பயிரிடப்பட்டுவரும் தானியங்களுள் வரகு, கேழ்வரகு, பனிவரகு என்னும் மூன்றும் அடங்கும். மூன்று பெயர்களிலும் ‘வரகு’ என்னும் எழுத்துகள் அப்படியே நிற்கின்றன. ஆதலால் ஒரே பயிரின் மூன்று வகைகள் இவை என்று, சமவெளியிலிருந்து மலையேறும் நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. தாவர நூலார் இவற்றை மூன்று வெவ்வேறு பேரினங்களில் வைத்துள்ளனர். வரகு பல அடுக்கான கடின உமியை உடையது. குத்திப் புடைத்தாலன்றி உலையில் ஏற்ற இயலாது. கேழ்வரகுக்கு அந்த உழைப்பு வேண்டியதில்லை. மணியை அப்படியே திரித்துக் களி கிண்டலாம். பனிவரகோ ஏறக்குறைய 70 நாள்களில் அறுவடைக்கு வந்து, மழை பொய்த்த ஆண்டிலும் ஓரளவு கைகொடுக்கும். பெயரின் உறவை நம்பி மூன்றையும் ஒன்றுபோல் நடத்தப் புகுந்தவர் பட்டினியோடுதான் எழ வேண்டியிருக்கும்.

எழுத்தால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்களை எவ்வாறு கையாள்வது என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. நம் பழைய நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள்வழியே சொற்களைத் தொகுத்தவை. மனப்பாடம் செய்தவருக்கே அவை பயன்பட்டன. சமண அறிஞராகிய மண்டலபுருடர் தம் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில், பல பொருள் குறிக்கும் சொற்களை எதுகை முறையில் அடுக்கினார். 1594-இல் இரேவணசித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்தார். இவ்வழியில் பெரியதோர் அடி எடுத்து வைத்தவர், 1680-இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர். அவர் 1732-இல் முடித்த சதுரகராதி, பெயருக்கேற்ப நான்கு பகுதிகளை உடையது.

பெயர் அகராதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருகிறது. பொருள் அகராதி ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருகிறது. தொகை அகராதி, ஐம்பூதம், அறுசுவை என்றாற்போல எண்ணிக்கையால் தொகுக்கப்பட்டவற்றை விளக்குகிறது. நான்காவதாகிய தொடை அகராதி, செய்யுள் செய்வோருக்கு உதவும்பொருட்டு எதுகையால் ஒத்த சொற்களை ஒருங்கு சேர்க்கிறது.

இம்மலையின் பெயரையே எடுத்துப் பார்ப்போம். கொல்லி என்றதும் அல்லி, நெல்லி, பல்லி, வல்லி ஆகியவை எதுகையால் உடன் வந்து நிற்கின்றன. ஒன்று நீர்ப்பூ, ஒன்று மரம், ஒன்று சுவரில் ஊர்வது, ஒன்று கொடி. செவிக்கு அவை உடன்பிறப்புகள், கருத்துக்கோ அயலார். தொடை அகராதி கூட்டி வைப்பனவற்றைப் பெயர் அகராதி பிரித்துக் காட்டுகிறது. இரண்டும் வேண்டும் என்று முனிவர் அறிந்திருந்தார்.

எழுத்துச் சீர்திருத்தத்திலும் இந்த அறிவே அவரை வழிநடத்தியது. ஓலைச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் அருகியதால் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நின்றன. ‘எரி’ என்று படிப்பதா, ‘ஏரி’ என்று படிப்பதா? நெருப்பையும் நீரையும் வரிவடிவம் பிரிக்கவில்லை. ‘கொல்’ என்பதா, ‘கோல்’ என்பதா? கொலைத் தொழிலும் ஆயனின் கைக்கோலும் ஒரே வடிவம் பூண்டிருந்தன. குறிலையும் நெடிலையும் தெளிவாகப் பிரித்தெழுதும் முறையை வகுத்து அம்மயக்கத்தை அவர் நீக்கினார்.

குருமடத்தில் ஆங்கில நூல்களின் வழியே இறையியல் பயின்றபோது நமக்கும் இத்தகைய மயக்கம் நேர்ந்தது. டிரான்சப்ஸ்டான்ஷியேஷன், கான்சப்ஸ்டான்ஷியேஷன் என்னும் இரு நெடுஞ்சொற்கள் நம்மைத் திணறடித்தன. ஆங்கிலத்தில் முன்னதற்கு 18 எழுத்துகள், பின்னதற்கு 17. இறுதி 15 எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. தொடக்கம் மட்டுமே வேறு. முன்னது, அப்பமும் இரசமும் தோற்றத்தில் மாறாதிருக்க, அவற்றின் உட்பொருள் ஆண்டவரின் திருவுடலாகவும் திருஇரத்தமாகவும் மாறுவதைக் குறிக்கும். 1551-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் உறுதிப்படுத்திய கத்தோலிக்கப் போதனை இது. பின்னது, அப்பத்தின் பொருளும் நீங்காது உடன் நிற்கிறது என்னும் கருத்தைக் குறிக்கும். லூத்தரின் போதனைக்குப் பிறர் இச்சொல்லைச் சூட்டினர். லூத்தரன் சபையினருள் பலர் அதனை ஏற்பதில்லை. இரண்டு மூன்று எழுத்துகளின் வேற்றுமைக்குள் ஒரு திருப்பந்தியின் பிரிவு அடங்கியிருக்கிறது. அயலாரின் நம்பிக்கைக்கு நாமே பெயர் சூட்டிவிட்டு, அப்பெயரைக்கொண்டே அவர்களை அளப்பது எத்துணை எளிது!

அந்த எளிமை இம்மலையிலும் நம்மைத் தொடர்கிறது. இங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லோடு இது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது. எனினும் இவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இங்கு அப்பெயர் உணர்த்துவது. கேட்டறியாமல் எழுத்தை மட்டும் பார்ப்பவர், ஒரு மக்களின் வரலாற்றையே வேறொரு மாநிலத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

தானியங்களின் நிலையும் அத்தகையதே. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி பெருகியபின், சாமையும் தினையும் வரகும் விளைந்த நிலம் சுருங்கிவிட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் கடைகளில் ‘சிறுதானியம்’ என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைக்கப் பழகிவிட்டோம். எந்த மணியை எப்போது விதைப்பது, எதனை எப்படிக் குத்துவது என்னும் அறிவு இம்மலையின் முதிய பெண்களிடம் இருக்கிறது. அது மறையுமானால், வரகு என்பது எதுகைக்கு மட்டும் உதவும் மூன்றெழுத்தாய் எஞ்சும்.

சொல்லின் கருத்தையும் ‘பொருள்’ என்கிறோம். நற்கருணை மறைபொருளைப் பேசும்போது உள்ளீட்டையும் ‘பொருள்’ என்கிறோம். உழவரின் உடைமையையும் ‘பொருள்’ என்கிறோம். தமிழ் இம்மூன்றையும் ஒரே சொல்லில் வைத்தது. ஒன்றை இழக்கும்போது மற்றவையும் தேய்வதைக் கொல்லிமலையில் காண்கிறோம். நல்லாயன் தம் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைப்பவர். அவருடைய பணியாளராகிய நாம், ஓர் ஊருக்குள் நுழையும்போது அங்குள்ளோரின் பெயர்களையும் அவற்றின் பொருளையும் அவர்கள் வாயிலாகவே கேட்டறிவோமாக. தமிழ்ச் சொற்களைத் தமிழரிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்த அந்த இத்தாலிய முனிவர் நமக்குக் காட்டிச் சென்ற வழியும் அதுவே.